விசிறி இழுத்த மருந்து

லேப்டாப் சூடாகிறது, விசிறி கத்துகிறது என்று ஒருவர் கொண்டுவந்து மேஜையில் வைத்ததும் மெக்கானிக்குகளான நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அடிமூடியைக் கழற்றுவீர்கள். ப்ளோயரை எடுத்து ஊதுவீர்கள். சிப் மேல் காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைப்பீர்கள். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. அந்த இருபது நிமிஷத்தில் கொண்டுவந்தவரின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டீர்கள். போன மாதம் ஒரு கடையில் உட்கார்ந்து இதை என் கண்ணால் பார்த்தேன். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இருக்கிறது. இதே தப்பை உங்களைவிட அதிக வருஷம் செய்தவன் நான்.

கோவில்பட்டியில் கடை வைத்திருந்தவனுக்குப் புழுதி பழக வேண்டும். ஆடி மாதம் காற்று கிளம்பினால் உழுது போட்ட கரிசல் காடு முழுவதும் எழுந்து ஊருக்குள் வரும். எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் கறுப்பாக மாவு மாதிரி இருக்கும். அதோடு அந்தந்த ஆளின் தொழிலும் உள்ளே இருக்கும். பருத்திக் கடைக்காரர் லேப்டாப்பில் பஞ்சு. கடலைமிட்டாய் போடுகிறவர் லேப்டாப்பில் வெல்லப் பிசுக்கும் எறும்பும். வத்தல் வியாபாரி லேப்டாப்பைத் திறந்தால் எனக்கே நாலு தும்மல் வரும். இதை வைத்து நான் ஒரு வித்தை காட்டுவேன். விசிறிக்குப் பக்கத்தில் படிந்திருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து ரப்பர் விரிப்பில் வைத்து ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் நசுக்குவேன். பார்ப்பேன். முகர்வேன். "நீங்க உளுந்து உடைக்கிற மில்லா?" என்பேன். வந்தவர் வாயைப் பிளப்பார். எனக்குத் தலை கொஞ்சம் கனக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன் என்ற திமிர் அது.

அந்தத் திமிர் ஒரு ஆடி மாதம் காலை பதினொரு மணிக்கு என் கட்டைவிரலைச் சுட்டது.

வந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பசுவந்தனை ரோட்டில் இருக்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை பார்க்கிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். லேப்டாப்பை ஒரு துணிப்பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, இது ஒரு வாரமா ஒரே கத்து. இன்னைக்கு தானா அணைஞ்சிட்டு. ரெண்டு மணிக்குள்ள வேணும்ன்னு மொதலாளி சொல்லிவிட்டாவ."

"ரெண்டு மணி, மூணு மணின்னு சொல்ல இது என்ன பஸ்ஸா? அங்க உக்காருங்க," என்றேன்.

அவர் வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அது எங்கே இருந்தது, யார் பயன்படுத்துகிறார்கள், எதுவும் இல்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தேன்.

உள்ளே இருந்த புழுதி கறுப்பாக இல்லை. விசிறி காற்றை வெளியே தள்ளும் இடத்தில் தகடு தகடாக ஒரு வரிசை இருக்குமே, அதன் முன்னால் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அரக்கு நிறம். நடுநடுவே பழுப்பு. மெழுகு பூசியது போல ஒரு பளபளப்பு. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வித்தை காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன். ட்வீசரால் கடுகளவு எடுத்து விரிப்பில் வைத்து நசுக்கினேன்.

டப் என்றது.

பொறி பறந்தது. கட்டைவிரல் ஓரம் சுரீரென்றது. விரிப்பில் மிளகளவுக்கு ஓட்டை. மெல்லிசாகப் புகை.

இந்த இடத்தில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். லேப்டாப்பில் பொறி வந்தால் என்ன காரணம்? பேட்டரி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததற்குள்ளேதான் காரணம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ஏம்மா, கண்ட சார்ஜரையும் போட்டுப் பேட்டரியைக் கெடுத்து வச்சிருக்கீங்க! கையைச் சுட்டுட்டு. ஒரு சாமானை ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே, முதலில் இந்தக் குப்பையை ஊதித் தள்ளிவிட்டுப் பேட்டரியைப் பார்ப்போம் என்று ப்ளோயரை எடுத்தேன். விரல் ஸ்விட்சில் இருந்தது.

அவர் எழுந்து வந்து மேஜைக்கு எதிரே நின்றார். விரிப்பில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அண்ணாச்சி, அத ஆன் பண்ணாதீய."

"எனக்குத் தொழில் சொல்லித் தாரீங்களா?"

"உங்க தொழிலு எனக்குத் தெரியாது. இது எங்க தொழிலு. அந்தக் கையை மெதுவா எடுங்க. மேஜைய இடிச்சிராதீய."

குரல் உயரவில்லை. அதனால்தான் என் விரல் நின்றது என்று நினைக்கிறேன். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஸ்விட்சைப் போட்டிருப்பேன்.

அவர் குனிந்து, மூச்சுக்கூட மேலே படாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "இந்தப் பழுப்பு இருக்குல்லா, இது குச்சி முனையில முக்குத மருந்து. இந்த அரக்கு, பெட்டிக்குச் சைடுல பூசுத மருந்து. ரெண்டும் ஒண்ணா கெடக்கு அண்ணாச்சி," என்றார்.

தீக்குச்சியைப் பெட்டியின் பக்கத்தில் உரசினால் பற்றும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு மருந்தும் தூளாக ஒன்றாகக் கலந்து கிடந்தால் குச்சியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், லேசாக உரசினாலே போதும் என்பதைத் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள்தான் அறிவார்கள். அதனால் அங்கே இரண்டுக்கும் தனித்தனி அறை. சைடு பூசுகிற அறையில் வேலை பார்ப்பவர் கால் கழுவாமல் குச்சி அறைப் படியில் ஏற முடியாது. ஒரு அறை விளக்குமாறு இன்னொரு அறைக்குப் போகாது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த ஒழுங்கை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

"அப்போ இது எப்படி?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

"மொதலாளி மவன் ஒரு தள்ளுவண்டியில வச்சிக் குடுத்தாரு. ஒவ்வொரு ரூமாத் தள்ளிட்டுப் போயி, எத்தன தட்டு முடிஞ்சிருக்குன்னு அங்கனயே ஏத்திரணும். வண்டிச் சக்கரத்தக் கழுவிட்டுத்தான் கொண்டு போவோம் அண்ணாச்சி. ஒரு நாளும் கழுவாமக் கொண்டு போனதில்ல. இது உள்ள இழுக்கும்ன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம். லேப்டாப் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது என்று தெரிந்த ஆள் அந்தக் கடையில் நான் ஒருவன்தான். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு விசிறி, இந்த அறையில் கொஞ்சம் அந்த அறையில் கொஞ்சம் என்று நாள் தவறாமல் இழுத்து, சேரவே கூடாத இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சூடான செம்பு மேலே. சுற்றுகிற இறக்கைக்கு நூலளவு தள்ளி. "இது எப்படி இத்தனை நாள் வெடிக்காம இருந்துச்சு?" என்றேன்.

"மெழுகு," என்றார் அவர். "குச்சிக்கு மெழுகு காய்ச்சுதோம்லா, அந்த ஆவி எங்கயும் படியும். அதுதான் மருந்த ஒட்டிப் பிடிச்சி வச்சிருக்கு. சூடு ஏறிக்கிட்டே போனா அது எத்தன நாளைக்கு நிக்கும்?"

வேறு எதையும் தொடாமல் பேட்டரி வயரை மட்டும் பிடுங்கினேன். இனி விசிறி சுற்றாது. "அடுத்து?" என்றேன்.

"நனைக்கணும்."

"லேப்டாப்பையா?"

"பின்ன என்னையவா?"

கடைக்குள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைக்கிறவனைக்கூட நான் வெளியே துரத்துவேன். போர்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் செத்தது. "ஹார்ட் டிஸ்க்கையாவது கழத்திக்கிடுதேன்," என்றேன்.

"கழத்தும்போது குலுங்குமா?"

"லேசாக் குலுங்கும்."

"அப்போ நனைச்சிட்டுக் கழத்துங்க."

உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே ஊத்துங்க அண்ணாச்சி. நான் ஊத்துனா, மொதலாளி சாமானை அவதான் கெடுத்தான்னு நாளைக்கு என்னையத்தான் சொல்லுவாவ. என் வேலை போயிரும்."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் தயங்கினேன். தண்ணீர் ஊற்றி லேப்டாப்பைக் கொன்ற மெக்கானிக் என்று ஊர் சிரிக்குமே என்று யோசித்தேன். ஒரு பக்கம் வெடிமருந்து, எதிரே நகராமல் நிற்கும் ஒரு பெண். நான் பெயர் கெடுவதை யோசிக்கிறேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்றினேன். உயரத்திலிருந்து விழாமல், ஓரத்தில் வழிய விட்டு, அவர் கையால் காட்டியபடி ஊற்றினேன். தண்ணீர் அரக்கு நிறத்தில் மேஜையில் ஓடியது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அங்கன இன்னொண்ணு இருக்கு."

"எது?"

"இதே மாதிரி லேப்டாப்பு. காலையில இருந்து அதுவும் கத்துது."

அது இருந்த குச்சி அறையில் நாற்பது பெண்கள் குச்சி அடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் போனை வாசலில் கூடையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவர் சொன்ன நம்பரில் ஆபீஸ் கணக்கருக்குப் போன் போட்டேன். "சத்தம் போட்டாப் போட்டுட்டுப் போவட்டும். மத்தியானம் லோடு ஏறணும், இப்பப் போயி வேலைய நிப்பாட்டச் சொல்லுதீரே," என்று வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து நிமிஷம் முன்னால் நானும் அவர்தான்.

மேஜையில் கிடந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. அவரைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டியதும் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் கரிசல் புழுதி ஆள் உயரத்துக்கு எழுந்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து அவர், "என் தங்கச்சியும் உள்ளதான் இருக்கா," என்றார்.

ஆபீஸ் வாசலில் இறங்கினோம். அவர் ஓடவில்லை. குச்சி அறைப் படியில் நின்று, பந்தியில் உட்கார்ந்தவர்களை அடுத்த பந்திக்கு எழுப்புகிற மாதிரி சொன்னார்.

"ஏட்டி, எல்லாரும் கையில உள்ளத அப்படியே கீழ வச்சிட்டு எந்திரிங்க. மெதுவா நடந்து வெளிய வாங்க. ஓடாதீய. வண்டிப் பக்கம் யாரும் போவாதீய."

நாற்பது பேரும் எழுந்தார்கள். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. கேலி பேசவில்லை. தட்டு தடுக்கவில்லை, வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒருவர் பின்னால் ஒருவராக, வெறுங்காலோடு, வேலி ஓரம் இருந்த வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார்கள். என் கடையில் அவர் ஒரு வார்த்தை சொன்னபோது நான் எத்தனை கேள்வி கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். தன் தொழிலில் இன்னொருத்தியின் குரல் எப்போது மாறுகிறது என்று அறிந்த கூட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அங்கே நின்றிருந்த அத்தனை பேரிலும் பெரிய படிப்புப் படித்தவன் நான். ஒன்றும் தெரியாதவனும் நான்.

ஆட்கள் போனதும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. விசிறி முழு வேகத்தில் கத்துகிற சத்தம். என் வாழ்நாளில் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அதற்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

நான் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தேன். "நீங்க அங்கனயே நில்லுங்க. பேண்ட்டுல சாவி வச்சிருப்பீய. காலுல ஷூ வேற," என்றார். வாசல் தொட்டியில் கை, கால், முந்தானை எல்லாவற்றையும் நனைத்தார். ஒரு சாக்கையும் முக்கி எடுத்தார்.

"எப்படி நிப்பாட்டணும், அத மட்டும் சொல்லுங்க."

"மூடியைச் சாத்தாதீங்க. நகத்தாதீங்க. மேல வலது ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும். விரலை வச்சு அமுக்கிக்கிட்டே பத்து எண்ணுங்க. அணைஞ்சாலும் விசிறி நிக்கிற வரைக்கும் சாக்கைப் போடாதீங்க."

அவ்வளவுதான் நான் செய்த உதவி. ஐந்து வாக்கியம்.

தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் அந்த அறையின் நடுவில் நடந்து போனார். தட்டுகளுக்கு இடையில் பாதம் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார். வண்டியிடம் போனார். விரலை வைத்தார். வாசலில் நின்று நானும் எண்ணினேன். ஏழு எண்ணும்போது திரை அணைந்தது. விசிறியின் சத்தம் கீழே இறங்கி, இறங்கி, கடைசியில் ஒரு சின்ன முனகலோடு நின்றது. அதற்குப் பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு சாக்கை விரித்து மேலே போட்டார். அதன் மேல் அறை ஓரத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றினார்.

வெளியே வந்தவர் வேப்பமரத்தடிக்குப் போய்த் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னக்கா, சோறு திங்க இன்னும் நேரம் இருக்கே, அதுக்குள்ள விட்டுட்ட," என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

முதலாளி விஷயம் கேள்விப்பட்டு முன்பக்கத்திலிருந்து வந்தார். "ரெண்டையும் தண்ணியில முக்கிட்டீயளா? யாரு சொல்லி முக்குனீய?" என்று அந்த அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். கடையில் அந்த அம்மா சொன்னது அப்படியே நடந்தது.

"நான்தான் ஊத்துனேன். இன்னொண்ணும் நான் சொல்லித்தான் ஊத்துனாங்க," என்றேன். சட்டைக்குள்ளிருந்து விரிப்பை எடுத்து விரித்து அந்த ஓட்டையைக் காட்டினேன். "உங்க லேப்டாப்புக்குள்ள இருந்தது. கடுகளவு."

அவர் விரிப்பை வாங்கினார். ஓட்டையைச் சுற்றி இருந்த கறையைப் பார்த்தார். முகர்ந்தார். மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி செய்கிற குடும்பத்து ஆள். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தார். அதற்கு மேல் அந்த அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த அறைகளில் எந்த விசிறியும் நுழைந்ததில்லை. கணக்குக்குப் பழையபடி சிலேட்டும் சாக்பீஸும்தான்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. மூடியைக் கழற்றும் முன்னால் கேளுங்கள். இது எந்த அறையில் இருந்தது? அந்த அறையில் என்ன நடக்கிறது? வந்தவர் பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். நீங்கள் பார்க்கிற புழுதி உங்களுக்குக் குப்பை. அதைக் கொண்டுவந்தவருக்கு அது தொழில். அதைப் பற்றி உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். இதைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் இல்லாதவன் வேறு வேலை பார்க்கட்டும்.

நாலைந்து மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி கடைக்கு வந்தார். அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். விசிறி கத்துகிறது. நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை.

"எங்க இருந்தது?" என்றேன்.

"வீட்டுலதான். ஜன்னல் ஓரம். காத்தடிச்சா காடு பூரா அதுக்குள்ளதான் வரும்."

"ஆபீஸுக்குக் கொண்டு போகலையே?"

"இல்ல அண்ணாச்சி."

"நீங்க வேலை பார்த்துட்டு வந்த கையோட தொடுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "நான் குளிக்காம எம் மவளையே தொட மாட்டேன். தொறங்க. வெறும் கரிச மண்ணுதான்."

திறந்தேன். அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதன் பிறகுதான் ப்ளோயரை எடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் ஊதினேன். கறுப்பாக, மாவாக, ஒரு பொறி இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல் அது பறந்து ரோட்டில் போய் விழுந்தது. வெறும் மண்.